உண்டியலின் இரண்டு பொருள்

துட்டு தமிழ்ச் சொல் அல்ல. டச்சுக்காரர்களின் 'டொயிட்' என்ற செப்புக்காசு, அவர்கள் 1658இல் தூத்துக்குடியைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்த பிறகு தென்பாண்டிச் சீமைக்குள் புழங்கி 'துட்டு' ஆயிற்று. காசு போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது. கடையநல்லூரில் வீட்டுக்குள் யாரும் 'பணம்' என்று சொல்லிக் கேட்டதில்லை. அது பத்திரத்திலும் பள்ளிக்கூடத்திலும் எழுதுகிற சொல். வீட்டில் துட்டுதான். இந்த ஊரிலிருந்து கப்பலேறிப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் போய் இறங்கியவர்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்திருக்க வேண்டும். அங்கே மலாய்க்காரர்களும் பணத்தை 'டுயிட்' என்றார்கள். அதே டச்சுக் காசு, அதே கம்பெனி, வேறொரு கடல்வழி. பணத்தைப் பற்றி ஒரு குழந்தை கற்றுக்கொள்ளும் முதல் சொல்லிலேயே இப்படி முந்நூறு வருஷத்து வணிகமும் கப்பலும் காலனியமும் உட்கார்ந்திருக்கின்றன. இதைச் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டியிருக்கிறது.

ஏனென்றால் இப்போது பரவலாக வழங்கும் கதையாடல் வேறு மாதிரியானது. பணத்தோடு ஒருவர் கொள்ளும் உறவு அவருடைய குழந்தைப் பருவத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. அம்மா அப்பாவிடம் கேட்ட வார்த்தைகள், பார்த்த சண்டைகள், மனதில் படிந்த நம்பிக்கைகள், இவைதான் பிற்பாடு கடனாளியாகவோ சேமிப்பாளராகவோ அவரை ஆக்குகின்றன. ஆகவே அந்த நம்பிக்கைகளைக் கண்டுபிடித்துக் களைந்துவிட்டால் போதும். தன்முன்னேற்றப் புத்தகக்காரர்களும் மியூச்சுவல் ஃபண்டு முகவர்களும் இதைச் சொல்கிறார்கள். பொய் என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பால்யம் ஆளை வடிக்கத்தான் செய்கிறது. ஆனால் இந்தச் சொல்லாடலில் குழந்தை என்பது நாலு சுவருக்குள் அம்மா அப்பாவோடு மட்டும் வளர்கிற ஒரு ஜந்து. அதற்கு ஊர் கிடையாது, சாதி கிடையாது, தறி கிடையாது, யுத்தம் கிடையாது, அந்நியச் செலாவணிச் சட்டம் கிடையாது.

2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். கடையநல்லூர்ப் பக்கத்துக் காசிதர்மம் கிராமத்தைச் சேர்ந்த ஒரு கூலித் தொழிலாளியும் அவர் மனைவியும் இரண்டு சின்னப் பெண் குழந்தைகளும் அந்த வளாகத்திலேயே எரிந்தார்கள்; நால்வரும் பிழைக்கவில்லை. கந்துவட்டி. வாங்கியது ஒன்றரை லட்சத்துக்குள், கட்டியது இரண்டு லட்சத்துக்கு மேல், அதற்குப் பிறகும் அசல் நிற்கிறது என்ற மிரட்டல் என்று அன்றைய செய்திகள் சொல்லின. கொடுத்த மனுக்கள் பல. இது குறித்துக் கேலிச்சித்திரம் போட்ட பாலா அடுத்த மாதம் கைது செய்யப்பட்டார். கந்துவட்டித் தடைச் சட்டமோ 2003 முதல் இருக்கிறது. எனக்கு மறக்க முடியாமல் இருப்பது அந்த வாரம் தேநீர்க் கடையில், பேருந்தில், படித்தவர்கள் வீட்டுத் திண்ணையில் கேட்ட ஒரு வாக்கியம்: "வரவுக்குத் தக்க செலவு செய்யணும்னு சின்ன வயசுலயே சொல்லிக் குடுக்கலைன்னா இப்படித்தான்."

இந்த வாக்கியத்துக்கு ஒரு பூர்வீகம் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் பிரெடரிக் நிக்கல்சன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி நில வங்கி, விவசாய வங்கி ஏற்படுத்துவது பற்றி 1895இலும் 1897இலும் இரண்டு பெரிய அறிக்கைகள் கொடுத்தார். 1904இன் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்துக்கு அதுவும் ஓர் அடித்தளம். கடனை ஒரு நிறுவனப் பிரச்சினையாகப் பார்த்த அந்த அறிக்கைகளுக்குள்ளேயே சிக்கனம், தற்சார்பு, முன்யோசனை ஆகியவற்றைக் குடியானவனுக்குக் 'கற்பிக்க' வேண்டும் என்ற பாதிரியார்த்தனமும் ஓடுகிறது. ஜெர்மனியின் ரைஃபைசன் மாதிரி ஒருவர் வந்து இங்கே ஏழையின் ஒழுக்கத்தைத் திருத்த வேண்டும். தபால் அலுவலகச் சேமிப்பு வங்கி 1882இலேயே வந்துவிட்டது. 1924இல் மிலான் நகரில் சேமிப்பு வங்கிகளின் மாநாடு கூடி உலக சிக்கன நாளை அறிவித்தது (நம்மிடம் அக்டோபர் 30). 1970இல் பள்ளிகளுக்கு சஞ்சயிகா வந்தது. இப்போது ரிசர்வ் வங்கியே குழந்தைகளுக்குச் சித்திரக்கதை வெளியிடுகிறது. ஏழைக்குத் துட்டைப் பற்றி எதுவும் தெரியாது, தெரிந்தது எல்லாம் தப்பு என்ற எடுகோளில் மட்டும் நூற்றிருபது வருஷமாக மாற்றமில்லை.

சரி, கடையநல்லூரில் ஒரு பிள்ளைக்கு என்னதான் தெரிந்திருந்தது?

என் வீடு தறி வீடு. குழித்தறி. காலைக் குழிக்குள் விட்டுக்கொண்டு அப்பா உட்கார்ந்திருப்பார். லுங்கி, துண்டு என்று போகும். நூல் முதலாளியுடையது, துணி முதலாளியுடையது, இடையில் கைமட்டும் எங்களுடையது. கூலி மாதச் சம்பளம் போலத் தேதி பார்த்து வருவதில்லை. பாவு அறுந்து துணி முதலாளி வீட்டுக்குப் போய் மடித்து எண்ணிய பிறகுதான். அதிலும் முன்பணம் கழியும். முன்பணம் என்பது கடன் மட்டுமல்ல; அது தீராதவரை இன்னொரு முதலாளியிடம் போக முடியாது. குற்றாலத்தில் சாரல் என்றால் ஊரெல்லாம் கொண்டாட்டம், எங்கள் தெருவில் முணுமுணுப்பு, ஏனென்றால் தெருவில் பாவு விரிக்க முடியாது. காலம் என்பதைக் கடிகாரத்தாலோ காலண்டராலோ நாங்கள் அளக்கவில்லை, பாவால் அளந்தோம். இ.பி.தாம்ப்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் தொழிற்சாலை மணி எப்படி மனிதரின் நேர உணர்வை மாற்றியது என்று காட்டுகிறார். மாதச் சம்பளக்காரனின் சிக்கனமும் அந்த மணியோடு சேர்ந்து வந்த பழக்கம்தான். மணி அடிக்காத வீட்டில் அந்தச் சிக்கனத்தைத் தேடுவது என்ன நியாயம்?

துட்டைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் பயிற்சி பற்று நோட்டு. அஞ்சாறு வயசில் கையில் ஒரு சின்ன நோட்டைக் கொடுத்துக் கடைக்கு அனுப்புவார்கள். அரிசி, புளி, விளக்கெண்ணெய். ஏன் பிள்ளையை அனுப்புகிறார்கள் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. பெரியவர் முகத்துக்கு நேரே 'இல்லை' என்பது கடைக்காரருக்கு எளிது; பிள்ளை முகத்துக்கு நேரே கொஞ்சம் கஷ்டம். ஆனாலும் சொல்வார். "போன வாரப் பாக்கியே நிக்குதுலே, உங்க அப்பாவ வரச் சொல்லு." அந்த ஒரு வாக்கியத்தைச் சுமந்துகொண்டு வீட்டுக்குத் திரும்புகிற தூரம் இருக்கிறதே, நிதி எழுத்தறிவு என்றால் எனக்கு அதுதான். துட்டு என்பது ஒரு பொருள் இல்லை, அது ஒரு முகம், நேற்று யார் முகத்தில் யார் எப்படி விழித்தார்கள் என்பதன் கணக்கு என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

ஆச்சிக்கு வேறு நம்பிக்கைகள். விளக்கு வைத்த பிறகு துட்டு வெளியே போகக் கூடாது. வெள்ளிக்கிழமை கூடவே கூடாது. லட்சுமி போய்விடுவாள். பகுத்தறிவு வாசிக்கத் தொடங்கின காலத்தில் இதைக் கிண்டல் செய்து ஆச்சியை அழ வைத்திருக்கிறேன். இப்போது வேறு மாதிரி படுகிறது. கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாத ஒரு தெருவில், கேட்பவர் மனமும் கோணாமல், கொடுக்காதவர் கௌரவமும் போகாமல் மறுப்பதற்கு அது ஒரு வழி. மறுப்பது நானில்லை, வெள்ளிக்கிழமை. ஒரு நாள் ராத்திரி தாண்டினால் கேட்டவர் வேறு எங்காவது புரட்டிக்கொள்வார், அல்லது மறுநாள் கொடுக்க நம்மிடமே இருக்கும். மூடநம்பிக்கை என்று ஒதுக்கப்படுகிறவற்றுள் இப்படி எத்தனை நடைமுறை ஏற்பாடுகள் ஒளிந்திருக்கின்றன என்று கணக்கெடுத்தால் நம் பகுத்தறிவுக்குக் கொஞ்சம் அடக்கம் வரும்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் முஸ்லிம் நெசவாளர் வீடுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே தறி நொடிக்கிறபோதெல்லாம் அங்கிருந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போயிருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன மற்ற பல முஸ்லிம்களைப் போல ஆண்கள் மட்டும் போகவில்லை. குடும்பம் குடும்பமாகவும் போனார்கள். சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் ஆண்கள் துறைமுகத்தில் உடலுழைக்க, பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். 1941இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கப்பட்டது. யுத்தம் முடிந்ததும் 1946இல் அதுவே உமறுப் புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளியைத் திறந்தது. 1982வரை நடந்த பள்ளி அது. அந்த நகரத்தில் இன்றும் கடையநல்லூர் தெரு என்று ஒரு தெருப்பெயர் இருக்கிறது. அம்மி அரைத்த பெண்கள் யார் பெயரிலும் தெரு இல்லை.

போனவர்கள் அங்கே, மிச்சமானவர்கள் இங்கே. நடுவில் துட்டு எப்படி வந்தது?

இங்கேதான் உண்டியல் வருகிறது. தமிழில் இந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது. கோயிலில் இருப்பது, பிள்ளை கையில் மண்ணால் செய்து கொடுப்பது. போடலாம், உடைக்காமல் எடுக்க முடியாது. இன்னொன்று வணிகர்களின் உண்டியல்: ஓர் ஊரில் கொடுத்த பணத்தை இன்னோர் ஊரில் பெற்றுக்கொள்வதற்கான ஓலை அல்லது சீட்டு. நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவரை நடத்தியது இதில்தான். துட்டு அசையாமல் நம்பிக்கை மட்டும் பயணம் செய்கிறது. பினாங்கில் ஒரு கடைக்காரரிடம் டாலரைக் கொடுத்தால் அவருடைய ஆள் இங்கே ரூபாயைக் கொண்டுவந்து வீட்டில் கொடுப்பார். அவர்களுக்குள் கணக்கைச் சரக்கிலோ எதிர்த்திசைப் பணத்திலோ நேர்செய்துகொள்வார்கள். படிவம் இல்லை, ஆங்கிலம் இல்லை, கையெழுத்துப் போடத் தெரியாதவருக்கு அவமானம் இல்லை.

1881இன் மாற்றுமுறை ஆவணச் சட்டம் தன் முதல் பிரிவிலேயே கீழைமொழிகளில் எழுதப்பட்ட ஆவணங்களின் உள்ளூர் வழக்கத்தைத் தான் தொடுவதில்லை என்று ஒதுங்கிக்கொண்டது. காலனியச் சட்டம் உள்நாட்டு வணிகத்தைப் 'பண்பாடு' என்று ஒரு பெட்டியில் போட்டு வைத்த கதையை ரிது பிர்லா 2009இல் வந்த தன் நூலில் விரிவாகச் சொல்கிறார். பண்பாடாக இருந்ததைப் பிற்பாடு குற்றமாக்குவது சுலபம். 1947இல் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், 1973இல் அதைவிடக் கடுமையான இன்னொன்று, 2000த்தில் அதற்குப் பதிலாகக் கொஞ்சம் இளகிய மேலாண்மைச் சட்டம். ஒரே செயல், தாத்தா காலத்தில் வியாபாரம், அப்பா காலத்தில் சிறைக்குரிய குற்றம். சொல் மாறவில்லை.

இப்போது அந்த வீட்டுப் பிள்ளையின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும். அந்தி நேரத்தில் ஒருவர் சைக்கிளில் வருவார். பெயர் கேட்பார். மடியிலிருந்து எடுத்து எண்ணிக் கொடுப்பார். தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விடுவார். உம்மா பிள்ளையிடம் சொல்வாள்: "யாராச்சும் கேட்டா மாமா வந்துட்டுப் போறாகன்னு சொல்லணும்." தகப்பனின் வேர்வைத் துட்டு, திருட்டுத் துட்டு அல்ல, ஆனாலும் அதன் வருகையைப் பற்றிப் பொய் சொல்லப் பழக வேண்டும். வரி அதிகாரி, போலீஸ், வங்கி, பள்ளிக்கூட வாத்தியார் எல்லாரும் ஒரே பக்கம், வீடு மறுபக்கம். இது குழந்தைப் பருவ நம்பிக்கைதான், சந்தேகமில்லை. ஆனால் அதைக் கற்றுக்கொடுத்தது உம்மாவா, நாடாளுமன்றமா?

இதன் விளைவு பொருளாதாரத்தில் நேராக வந்து நிற்கிறது. உண்டியலில் வந்ததை வங்கியில் போட முடியாது, எங்கிருந்து வந்தது என்று கேள்வி வரும். ஆகவே நகை, ஆகவே வீடு, ஆகவே கல்யாணம். வங்கிப் புத்தகத்தில் எதுவும் ஏறவில்லை என்பதால் அவசரத்துக்கு வங்கிக் கடன் கிடையாது. மருத்துவச் செலவோ விசாச் செலவோ வந்தால் அடகுக் கடை, அதுவும் தீர்ந்தால் கந்துவட்டி. வட்டி ஹராம் என்று ஓதி வளர்ந்த வீடுகளும் வட்டி கட்டும் வீடுகளாயின. இந்தக் குற்றவுணர்வும் சேர்ந்துதான் கடனைப் பேசக்கூடாத ஒன்றாக ஆக்குகிறது. பைத்துல்மால்களும் வட்டியில்லாக் கடன் ஏற்பாடுகளும் இருக்கின்றன. ஆனால் ஜமாஅத்தின் கண்ணுக்கு முன்னால் கை நீட்ட வேண்டும் என்பதால் நடு வீட்டுக்காரர்கள் ராத்திரியில் கந்துக்காரனைத் தேடிப் போகிறார்கள். நான் இந்த நம்பிக்கை வலைப்பின்னல்களைப் புனிதமாக்கப் பார்க்கவில்லை. உண்டியல்காரரின் நம்பிக்கை ஊர்க்காரனுக்கு, உறவுக்காரனுக்கு. வெளியாளுக்கு அங்கே கதவு இல்லை.

இந்த வெளியாள் என்பது யார் என்று கேட்டால் சேரிப் பிள்ளை. குளத்துப் பாசன வயல்களில் வேலை செய்தவர்களுக்குக் கூலி ரொம்ப காலம் நெல்லாகத்தான் கிடைத்தது. நெல்லைப் பூட்டி வைக்கலாம், கொஞ்ச நாள். உண்டியலில் போட முடியாது, வேறு ஊருக்கு அனுப்ப முடியாது, பிடிக்காத பண்ணையாரை விட்டுவிட்டு அதோடு கிளம்பவும் முடியாது. கையில் துட்டு வாங்குவது அவர்களுக்கு ஊரை விட்டுப் போகிற சாத்தியம். அதனால்தான் பணம் கேடு, பணம் பிசாசு என்ற நம்முடைய ஆன்மீகக் கூப்பாட்டில் எனக்கு எப்போதும் சந்தேகம். அம்பேத்கர் இருபத்தேழு வயதில், 1918இல், ரஸ்ஸலின் நூலுக்கு எழுதிய மதிப்புரையில் இந்த விஷயத்தைத் தொட்டிருக்கிறார். பண ஆசையை ஒழுக்கவாதிகள் கண்டித்தது பற்றாக்குறைப் பொருளாதாரத்தின் மனநிலை, கிடைக்காததை வெறுத்துக் காட்டுகிற மனநிலை; பணத்தை ஒருவர் எதற்காக விரும்புகிறார் என்பதைப் பார்க்காமல் ஆசையை மட்டும் பழிப்பது பொருளற்றது என்பது அவர் வாதம். நம் சிறுபத்திரிகை உலகம் அம்பேத்கரை எவ்வளவோ மேற்கோள் காட்டிவிட்டது. ரூபாயின் பிரச்சினை குறித்து 1923இல் நூல் எழுதிய பொருளாதார அறிஞரை மட்டும் கண்டுகொள்ளவில்லை.

தங்கத்துக்கு வருவோம். இந்தியர்கள் தங்கத்தைப் பதுக்குகிறார்கள், அது செத்த பணம் என்ற குற்றச்சாட்டு பழசு. கெய்ன்ஸ் 1913இல் இந்திய நாணயம் பற்றி எழுதிய நூலிலும் இந்தக் கவலை உண்டு. 1963இல் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாடு கொண்டுவந்தார், 1968இல் அது சட்டமாயிற்று, 1990இல் ரத்தாயிற்று. இத்தனையையும் தாண்டித் தங்கம் நின்றது. 'மக்களின் மனோபாவம்' என்பார்கள். எனக்கு ஒரு கிழவியின் ஞாபகம் வருகிறது.

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அடுத்த தெருவில் இருந்த பாட்டி. அவருக்கு எட்டு வயசாக இருந்தபோது 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. வாப்பா அங்கே, பிள்ளைகள் இங்கே. கடிதம் இல்லை, உண்டியல் இல்லை, மூன்றரை வருஷம். உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாது. அம்மா காதில் கிடந்தது ஒவ்வொன்றாகப் போய் அரிசியாக வந்ததைப் பார்த்து அவர் வளர்ந்தார். யுத்தம் முடிந்து 1946இல் வாப்பா வந்து சேர்ந்தபோது டிரங்குப் பெட்டியில் கட்டுக்கட்டாக நோட்டு. வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டு. பிரிட்டிஷ்காரர்கள் திரும்பி வந்ததும் அதற்கு மதிப்பே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இங்கேயாவது செல்லும் என்று யாரோ சொன்னதை நம்பிக் கொண்டுவந்தாராம். பிள்ளைகள் அதை வைத்துக் கடைவிளையாட்டு விளையாடினார்கள். "நூறு ரூவாய்க்கு ஒரு கொட்டாங்குச்சி மண்ணு வாங்குவோம்லே" என்று பாட்டி சிரிப்பார். அதே வாயால், "தாளு தண்ணியில கரையும்" என்பார். கடைசிவரை வங்கிப் பக்கம் போகவில்லை. ஒரு கால் பவுன், அரைப் பவுன் என்று சேர்த்தார்.

இதை 'பால்ய நம்பிக்கையால் வந்த பிழையான முதலீட்டுப் பழக்கம்' என்று வகைப்படுத்தலாம்தான். மால்மெண்டியர், நேகல் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வாழ்நாளில் பங்குச் சந்தை படுத்துக் கிடந்ததை அனுபவித்த அமெரிக்கர்கள், எடுத்துக்காட்டாக 1930களின் பெருமந்தத்தைப் பார்த்த தலைமுறை, பிற்காலத்திலும் பங்குகளில் பணம் போடத் தயங்கினார்கள் என்று காட்டினார்கள். அமெரிக்கனுக்கு வந்தால் அது அனுபவத்தின் விளைவு, ஆய்வுக்குரியது. கடையநல்லூர்க் கிழவிக்கு வந்தால் அறியாமை. அவர் பார்த்தது பங்கு விழுந்ததை அல்ல, பணமே பணமாக இல்லாமல் போனதை. ஒரு தடவையும் அல்ல. 1964இல் பர்மா அரசு ஐம்பது, நூறு கியாட் நோட்டுகளைச் செல்லாதாக்கிய பிறகு வெறுங்கையோடு கப்பலில் வந்திறங்கிய தமிழர்களைத் தமிழ்நாடு முழுக்கப் பார்த்தது. 1969க்குப் பிறகு மலேசியாவில் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி நெருக்கடி வந்து பல பேர் திரும்பினார்கள். பிறகு வளைகுடா. ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு தடவை, கண்ணுக்குத் தெரியாத ஓர் அரசாங்கம் எங்கிருந்தோ கதவை மூடியிருக்கிறது. தங்கத்துக்குப் பாஸ்போர்ட் வேண்டாம்.

காத்திருக்கத் தெரிந்த பிள்ளை முன்னேறும் என்ற சோதனையை இங்கே சொல்லியாக வேண்டும். 1960களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷல் ஆரம்பித்தது. குழந்தை முன்னால் ஒரு மிட்டாய். தின்னாமல் கொஞ்ச நேரம் இருந்தால் இரண்டு. இருந்த பிள்ளைகள் பிற்காலத்தில் நன்றாக வந்தார்கள் என்று சொல்லப்பட்டு, அது உலகம் முழுக்க சிக்கனப் பிரசங்கத்துக்கு விஞ்ஞான முத்திரையாயிற்று. 2013இல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட்டும் அவர் சகாக்களும் அதில் ஒரு சின்ன மாற்றம் செய்தார்கள். சோதனைக்கு முன்னால் பிள்ளைகளிடம் நல்ல வண்ணப் பென்சில் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு பாதிக்குக் கொண்டுவந்தார்கள், மறுபாதிக்கு 'இல்லையாம்' என்று கைவிரித்தார்கள். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிஷம் காத்திருந்தன, ஏமாற்றப்பட்டவை மூன்று நிமிஷம். 28 பிள்ளைகளை வைத்துச் செய்த சின்னச் சோதனைதான். 2018இல் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளின் தரவை வைத்துப் பார்த்த வாட்ஸ் குழுவினருக்கு, குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்தால் காத்திருப்பதற்கும் பிற்கால வெற்றிக்கும் உள்ள தொடர்பு மிகவும் சுருங்கிப் போனது தெரிந்தது. பியர் பூர்தியு அல்ஜீரியாவின் வேலையற்றவர்களிடம் 1960களிலேயே பார்த்ததும் கிட்டத்தட்ட இதுதான். நிகழ்காலத்தின்மேல் கொஞ்சமாவது பிடி இருப்பவனால்தான் எதிர்காலத்தைத் திட்டமிட முடியும். மற்றவனிடம் திட்டம் கேட்பது நக்கல்.

எனக்கும் ஒரு மிட்டாய்ச் சோதனை நடந்தது. நான் படித்த பள்ளிக்கூடம் ஒன்றில் சஞ்சயிகா அட்டை. வாரம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய். கொடுக்காத பிள்ளைகள் எழுந்து நிற்க வேண்டும். தறி வீட்டுப் பிள்ளைகள் பாவு அறுந்த வாரம் உட்கார்ந்தோம், மற்ற வாரம் நின்றோம். பள்ளி மாறும்போது அந்தத் துட்டைக் கேட்டேன். ரிஜிஸ்தர் எடுத்தவர் மாற்றலாகிப் போய்விட்டார், அப்புறம் வா என்றார்கள். நாற்பது ரூபாய் சொச்சம். அம்மா சிரித்தாள். சேமிப்பின் மகத்துவம் பற்றிய கட்டுரைப் போட்டியில் அதே பள்ளியில்தான் எனக்குப் பரிசு, ஒரு சோப்பு டப்பா.

அம்மாவின் சேமிப்பு வேறு இடத்தில் இருந்தது. சிறுவாடு. அப்பாவுக்குத் தெரியாமல், ஆச்சிக்குத் தெரியாமல், முதலாளிக்குத் தெரியாமல். மிளகாய் டப்பா, அஞ்சறைப்பெட்டியின் அடித்தட்டு, பழைய சேலை மடிப்பு. இதைப் பெண்களின் 'இயல்பான சிக்கனம்' என்று மெச்சுவது வழக்கம்; பத்திரிகைகளின் மகளிர் பக்கங்கள் இந்த மெச்சலில்தான் ஓடின. இயல்பு என்று ஒன்றும் இல்லை. தறி வீட்டில் வெளியே தெரிகிற துட்டு முன்பணத்துக்குக் கழியும், இல்லையென்றால் சாராயக் கடைக்கு, இல்லையென்றால் நாத்தனார் வீட்டுச் சீருக்கு. தெரியாமல் வைத்தால்தான் நாளைக்கு இருக்கும். வெளியூரிலிருந்து கடிதத்தோடு துட்டு வரும் வீடுகளில் இந்தத் தேவை இன்னும் நுட்பமானது. கடிதத்திலேயே யாருக்கு எவ்வளவு என்று எழுதி வரும்: கடைக்கு இவ்வளவு, மாமியாருக்கு இவ்வளவு, பள்ளிவாசலுக்கு இவ்வளவு. ஆண் இல்லாத வீட்டில் ஆணின் அதிகாரம் பட்ஜெட்டாக வந்து உட்கார்ந்திருக்கும். அந்தப் பட்டியலின் வரிகளுக்கு இடையில் கத்தரிக்காயில் ஒரு ரூபாய், மண்ணெண்ணெயில் ரெண்டு ரூபாய் என்று அவள் தனக்காகப் பிடித்துவைத்த இடம் சிறுவாடு. விவியானா செலிசர் என்ற சமூகவியலாளர் 1994இல் பணத்தின் சமூகப் பொருள் பற்றி எழுதிய நூலில் அமெரிக்கப் பெண்கள் கணவன் சட்டைப்பையிலிருந்து எடுத்துச் சேர்த்ததைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். எல்லாப் பணமும் ஒரே பணம் அல்ல, வீட்டுக்குள் நுழைந்ததும் அது பிரிந்து வேறு வேறு பெயர் எடுத்துக்கொள்கிறது என்பது அவர் கட்சி. எங்கள் தெருவில் அதற்கு ஏற்கெனவே பெயர் இருந்தது.

2016 நவம்பர் 8 ராத்திரி ஐந்நூறு, ஆயிரம் நோட்டுகள் செல்லாது என்ற அறிவிப்பு வந்தது. கறுப்புப் பணத்தைப் பிடிக்க என்றார்கள். ஏறக்குறைய முழுவதும் வங்கிக்கே திரும்பி வந்துவிட்டது என்று 2018இல் ரிசர்வ் வங்கியின் அறிக்கை சொல்லியது, 99.3 சதவீதம். பிடிபட்டது எது என்று எங்கள் ஊர் வங்கி வாசலில் பார்த்தேன். சிறுவாடு பிடிபட்டது. இல்லத்தரசிகள் இரண்டரை லட்சம்வரை போட்டால் கேள்வி கேட்க மாட்டோம் என்று அரசாங்கம் பெருந்தன்மையாகச் சொல்லியது. கேள்வி கேட்பது அரசாங்கம் மட்டும்தானா? கணக்கு கணவன் பெயரில். ஆதார் நகல் கணவனிடம். வரிசையில் பக்கத்தில் நிற்பவர் நாத்தனார். பத்து வருஷமாக ஒருவருக்கும் தெரியாமல் இருந்ததைச் சேலை முந்தியிலிருந்து எடுத்து, எண்ணி, படிவத்தில் எழுதச் சொன்னார்கள்.

அம்மாவிடம் பதினோராயிரத்து ஐந்நூறு இருந்தது. அப்பாவுக்கு அதைப் பார்த்ததும் கோபம் வரவில்லை; கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தங்கச்சி பிரசவத்துக்குக் கந்துக்கு வாங்குனேனே, அப்பவே இது இருந்துச்சா?" என்றார். அம்மா பதில் சொல்லவில்லை. இருந்ததா இல்லையா என்று எனக்கும் தெரியாது. இருந்து, அவள் அப்போது கொடுக்காமல் இருந்திருந்தால் அவளிடம் காரணம் இருந்திருக்கும்.

துட்டு அப்பா கணக்கில் ஏறியது. வாரம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று கட்டுப்பாடு இருந்த நாட்களில் அம்மா ஒரு தடவைகூட அதைக் கேட்கவில்லை. அடுத்த வருஷம் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது சமையலறையில் மிளகாய் டப்பாவைத் திறந்தேன், மிளகாய்தான் இருந்தது. "அங்க என்னலே தேடுத?" என்றாள். ஒன்றுமில்லை என்று மூடிவைத்துவிட்டேன். இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.